தாடைக்கு அபராதம்

பல இன்ஜினியரிங் காலேஜ்களில் காலையில் கேட்டிலேயே ஒரு செக்கிங் நடக்கும். ஐ.டி. கார்டு, இன் பண்ணிய சட்டை, அப்புறம் தாடை. ரெண்டு நாள் தாடி இருந்தால் "போய் ஷேவ் பண்ணிட்டு வா". பையன் எதிர்த்த பெட்டிக்கடையில் ஒரு யூஸ் அண்ட் த்ரோ ரேசர் வாங்கி, குழாயில் பச்சைத்தண்ணி தொட்டு, வறட்டு வறட்டென்று இழுத்துக்கொண்டு கிளாசுக்கு ஓடுவான். சாயங்காலம் கழுத்து எரியும். சில நாளில் பொரிப்பொரியாகக் கிளம்பும். "பிம்பிள்டா, க்ரீம் போடு" என்பார்கள் ரூம்மேட்டுகள்.

பல சமயம் அது பிம்பிளே இல்லை மக்களே! சுருள் முடிக்காரர்களுக்கு, ஒட்ட வெட்டிய முடியின் கூரான நுனி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பப் புகுந்துவிடும். உடம்பு அதை முள் குத்தியது மாதிரி எதிர்க்கும். வீக்கம், அரிப்பு, சிலருக்கு சீழ், கடைசியில் கருந்தழும்பு. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே. (பெயரைச் சொன்னாலே தாடை வலிக்கிறது.)

இதில் ரேசர் கம்பெனிகளின் பங்கு தனி. 1971ல் ரெட்டை பிளேடு வந்தது. 1975ல் ஒரு அமெரிக்க டிவி காமெடி நிகழ்ச்சி, மூணு பிளேடு ரேசர் என்று போலி விளம்பரம் போட்டுக் கிண்டலடித்தது. 1998ல் மாக்3 நிஜமாகவே வந்தது. 2006ல் அஞ்சு பிளேடு! முதல் பிளேடு முடியை இழுக்கும், அது உள்ளே போவதற்குள் அடுத்தது வெட்டும். மிச்சமுள்ள முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். 'மழமழ' என்று விற்கிற அதே சமாச்சாரம்தான் இந்தக் கழுத்துக்கு வினை.

பரிகாரத்துக்கு காஸ்ட்லி ஜெல் எதுவும் வேண்டாம். குளித்த கையோடு, முடி ஊறியிருக்கும்போது, நுரை போட்டு, முடி வளரும் திசையிலேயே ஒருமுறை இழுத்தால் போதும். தோலை இழுத்துப் பிடிக்கக் கூடாது. சலூனில் ரெண்டாவது ரவுண்டு எதிர்த்திசையில் போடுவார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மழுங்கின பிளேடைத் தூக்கிப் போடலாம். அதற்கும் அடங்காதவர்களுக்கு டிரிம்மர்தான். 1 மி.மீ. முடி விட்டால் நுனி உள்ளே புக வழியில்லை.

ஆனால் அந்த 1 மி.மீ.க்குத்தான் கேட்டில் அனுமதி இல்லை! கேட்டால் "டிசிப்ளின்". தாடி வைத்த பேராசிரியர் மட்டும் அதே கேட்டில் சல்யூட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். அவருக்கு டிசிப்ளின் தாடைக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது போலும்.

அமெரிக்காவில் டாமினோஸ் பீட்சா கடையில் தாடிக்குத் தடை இருந்தது. இந்தப் பிரச்சினை உள்ள ஒரு கறுப்பின ஊழியர் ஷேவ் பண்ண முடியாமல் வேலையை இழந்தார். கறுப்பின ஆண்களுக்கு இது அதிகம் என்பதால் வழக்கு பாகுபாடு பற்றியதாக நடந்தது. ஷேவ் பண்ண முடியாதவர்கள் மேலும் இந்த விதியைத் திணிக்கும் அளவுக்கு வியாபார அவசியம் இருப்பதாகக் கம்பெனி நிரூபிக்கவில்லை என்று 1993ல் அப்பீல் கோர்ட் சொன்னது. சாப்பாட்டுக் கடைக்கே அந்த நிலை. சர்க்யூட் தியரி கிளாசில் யார் தட்டில் முடி விழப் போகிறது?

விதியை எடுக்க மனசில்லை என்றால், ஸ்கின் டாக்டர் சீட்டு கொண்டுவருகிற பையனையாவது டிரிம்மர் தாடியோடு உள்ளே விடட்டும். அபராத ரசீது புத்தகம் அச்சடிக்கிற காலேஜுக்கு அந்தச் சீட்டை வைக்க ஒரு ஃபைல் போடுவது பெரிய செலவா என்ன?