சாம்பாருக்குள் கோதுமை

கோதுமை ஆகாதவருக்குச் சென்னையைப் போல் தோதான ஊர் இல்லை என்றுதான் தோன்றும். இட்லிக்கு அரிசியும் உளுந்தும். சாம்பாருக்குப் பருப்பும் புளியும். ஆனால் சாம்பாரில் போடும் பெருங்காயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடைகளில் பரவலாக விற்பது கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் நெடி தாங்க முடியாதது என்பதால் அதோடு கோந்தும் மாவும் சேர்க்கிறார்கள்; அந்த மாவு பல சமயம் கோதுமையோ மைதாவோதான். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கு மருந்து கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விலக்குவதே சிகிச்சை. “ஒரு சிட்டிகைதானே” என்ற சமாதானம் நோயாளியின் குடலிடம் செல்லாது.

‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. பாலும் நெய்யும் சைவத்தில் சேர்த்திதான். பால் பொருளையே தொடாதவருக்கு அந்தப் பலகையால் பயனில்லை. சவுகார்பேட்டையில் வெங்காயம், பூண்டு இல்லாத ஜைனச் சாப்பாடு சுலபமாகக் கிடைக்கும். அதே பகுதியில் சப்பாத்தியும் கச்சோரியும் சமோசாவும்தான் பிரதானம் என்பதால், கோதுமை ஆகாதவர் திண்டாடுவார். ஆகவே ‘நல்ல ஓட்டல் எது’ என்று பொதுவாக விசாரிப்பதில் அர்த்தமில்லை. எந்தப் பொருள் ஆகாது என்பதிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். “குளூட்டன் இருக்கா?” என்றால் சப்ளையர் நல்ல மனதோடு “இல்ல சார்” என்பார். “இதுல மைதா, ரவை, கோதுமை ஏதாவது சேருதா? என்ன பெருங்காயம் போடுறீங்க?” என்று கேட்டால் அவர் மாஸ்டரிடம் போய் விசாரிப்பார். நிலக்கடலை ஒவ்வாதவர் தேங்காய்ச் சட்னியைப் பற்றியும் கேட்க வேண்டும்; கெட்டியாக வரச் சில இடங்களில் நிலக்கடலையையும் சேர்த்து அரைப்பதுண்டு. குருமாவிலும் பனீர் பட்டர் மசாலாவிலும் முந்திரி விழுது கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. “அலர்ஜி, சாப்பிட்டால் மூச்சு அடைக்கும்” என்று சொல்லிவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் ‘பிடிக்காது போல’ என்று நினைத்துக்கொள்வார்கள்.

பொருள் சரியாக இருந்தாலும் பாத்திரம் காலை வாரிவிடும். ரவையும் மைதாவும் கலந்த ரவா தோசையை வார்த்த கல்லில்தான் அடுத்த சாதா தோசையும் வேகிறது. பூரி பொரித்த எண்ணெயில் வடை விழுகிறது. காலை எட்டரை மணிக் கூட்டத்தில் “தனிக் கல்லில் போடுங்க” என்றால் எந்த மாஸ்டருக்கும் கோபம்தான் வரும். மூன்று மணி வாக்கில் போனால் பொறுமையாகப் பேசுவார்கள். இந்தக் கணக்கில் ஆவியில் வேகும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் ஓரளவு நம்பகமானவை. இடியாப்ப மாவில் கோதுமை கலக்கவில்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

சட்டத்தின் கை பாதி தூரம்தான் நீள்கிறது. 2020ஆம் ஆண்டின் உணவுப் பொருள் முகப்புச்சீட்டு, காட்சிப்படுத்தல் விதிமுறைகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும். குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. பெரிய சங்கிலி உணவகத்தில் இதை உரிமையோடு கேட்கலாம். தெருமுனை மெஸ்ஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அங்கே செய்யக்கூடியவை உண்டு. அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தூளும் சந்தையில் கிடைக்கிறது. சின்னக் கடைக்காரர் அதற்கு மாறுவதோடு, எதில் மைதா, எதில் முந்திரி, எதில் கடலை என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். மாஸ்டர் மாறும்போது அந்தத் தாளையும் மாற்ற வேண்டியிருக்கும்.