வாடகையைக் குறைத்தால் இழப்பீடும் குறையும்: வீடு மாறும்போது கவனிக்காமல் விடும் கணக்கு

ஆரப்பாளையத்தில் இருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் முதலில் கேட்பது "மொத்தம் எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "கொஞ்சம் குறைச்சுக்கங்கண்ணே." பொருள் உடைஞ்சா, தொலைஞ்சா எவ்வளவு தருவீங்க என்று யாரும் கேட்பதில்லை.

சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 2007-ம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்காக 2011-ல் வந்த விதிகளின்படி, லாரி நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போல 10 மடங்குதான். வாடகை 8,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 80,000 ரூபாய். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், லேப்டாப் எல்லாமே அதற்குள் அடக்கம். பேரம் பேசி வாடகையில் 1,000 ரூபாய் குறைத்தால், இந்த வரம்பிலும் 10,000 ரூபாய் போச்சு!

வரம்பைத் தாண்ட ஒரு வழி உண்டு. பொருளின் மதிப்பை சரக்குச் சீட்டில் முன்கூட்டியே எழுதி, அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்ட வேண்டும். ஆனால் 'பழைய வீட்டுச் சாமான்' என்று ஒற்றை வரியில் சீட்டை முடித்துவிட்டால் எந்த மதிப்பை வைத்து வாதாடுவது? வாடகை சொல்லும்போதே இந்த வரம்பையும் சொல்லியாக வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதே நியாயம். வீடு மாறுகிறவர் சட்டம் படித்துவிட்டு வரமாட்டார்.

பெரிய லாரி நுழையாத தெரு என்றால் சாமான் முதலில் குட்டியானையில் ஏறும், பிறகு லாரிக்கு மாறும். பெட்டி காணாமல் போக வாய்ப்புள்ள இடம் இதுதான். பெட்டிகளுக்கு நம்பர் போட்டு, இரண்டு இடத்திலும் எண்ணி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நகை, பத்திரம், சர்டிஃபிகேட் எதையும் லாரியில் ஏற்றவே கூடாது, கையோடு எடுத்துப் போக வேண்டியதுதான். வங்கியின் கவனக்குறைவால் லாக்கரில் திருட்டு நடந்தால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. லாரிக்கு வெறும் 10.

அப்படியும் பொருள் போய்விட்டால்? போனில் சண்டை போட்டுக்கொண்டே நாளைக் கடத்தக் கூடாது. புக்கிங் செய்த தேதியில் இருந்து 180 நாளுக்குள் எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்பாவிட்டால் வழக்கே போட முடியாது என்கிறது அதே சட்டம். புகாரை எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.