வரவு வேறு, இலாபம் வேறு

நம்மவருள் ஒருவர் ஐந்து ஏக்கர் செம்பனை நிலத்துக்கு உடைமையாளராகிவிட்டார் என்று கேள்வியுறும்போது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. மூன்று தலைமுறையாகப் பிறர் மரத்துக்குக் கத்தி பிடித்த கை, தன் மரத்தைத் தொடுகிறதென்றால் அது சிறு செய்தியா? ஆயினும் அம்மகிழ்ச்சி அடங்குமுன் அவரிடம் நாம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “ஐயா, சென்ற ஆண்டு தங்கள் நிலத்தில் இலாபம் எவ்வளவு?” என்போம். “இருபத்தோராயிரம் வெள்ளி” என்று உடனே விடை வரும். அஃது ஆலைக்காரர் கொடுத்த சீட்டுகளைக் கூட்டிய தொகையேயன்றி வேறில்லை. உரம் எவ்வளவு, லாரிக்கூலி எவ்வளவு, மனைவியும் மகனும் பொறுக்கிய உதிரிப்பழத்துக்குக் கூலி எவ்வளவு, மறுநடவுக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று தொடர்ந்து கேட்டால், அவர் நம்மை வரி வசூலிக்க வந்தவர்போலப் பார்ப்பார்.

“நமக்கு நிலமில்லை, அதனால்தான் நாம் தாழ்ந்தோம்” என்று மேடைதோறும் முழங்கும் அன்பர்களுடன் நமக்கு வழக்கில்லை. நிலம் வேண்டியதுதான். ஆனால் நிலம் கிடைத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் சொல்லாமற் சொல்லும் பகுதியைத்தான் நாம் மறுக்கிறோம். கணக்கறியாதவன் கையில் நிலம் நெடுநாள் தங்காது. அதற்குச் சான்று தேடி நாம் வெளியே போகவேண்டியதில்லை.

இந்நாட்டில் ரப்பர் பிழைத்த வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் இருபத்திரண்டே. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி துரை, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். அதன்பின் காடழித்தவனும், கன்று நட்டவனும், விடியுமுன் பெரட்டுக்கு நின்றவனும் பெரும்பாலும் தமிழனே. ஆனால் இலண்டனிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஏஜென்சி நிறுவனங்கள் செல்வம் சேர்த்தது சீவுகத்தியால் மட்டுமன்று. ஒரு ராத்தல் ரப்பரை உண்டாக்கிக் கப்பலேற்ற எத்தனை காசு பிடிக்கிறது என்பதை அவர்கள் மாதந்தோறும் அறிந்திருந்தார்கள். எந்த நிரையில் பால் குறைந்தது, எந்தப் பகுதியில் பட்டை தீர்கிறது, எந்த வயல் மறுநடவுக்கு வந்துவிட்டது என்பதெல்லாம் பேரேட்டில் இருந்தது. அந்தக் கணக்கின் முன் துரையும் நடுங்குவார். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து பார்த்து அறிக்கை எழுதும் மேலதிகாரி, ராத்தலுக்கு அரைக்காசு ஏறியதற்கும் காரணம் கேட்பார்.

அந்தச் செக்ரோலையும் பேரேட்டையும் எழுதியது யார்? கிராணிமார். அவர்களில் எத்தனையோ பேர் நம் மொழி பேசியவர்கள். நம் இனத்தின் கை எழுதிய கணக்கு நம் இனத்தின் கல்வியாகாமற் போயிற்று. கிராணி வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படித்தான். லயத்துப் பிள்ளை கத்தி தீட்டக் கற்றான். தோட்டத்தை நடத்துவது எப்படி என்பதை இருவரில் ஒருவரும் கற்கவில்லை.

விலை என்பது யாருடைய உறவினரும் அன்று. 1925-இல் இலண்டன் சந்தையில் ராத்தல் நான்கு ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர், 1932-இல் இரண்டு பென்ஸுக்கும் கீழே இறங்கிற்று. கம்பெனிகள் செலவைக் குறைத்தன. அதாவது நம்மைக் குறைத்தன. ஐம்பது காசு வாங்கிய ஆண் கூலி 1930-இல் நாற்பதாக்கப்பட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டனர். கொடுமைதான், மறுக்கவில்லை. அக்கொடுமையையும் அவர்கள் கணக்குப் பார்த்தே செய்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தன்னை வெளியேற்றுகிறவன் எந்த வரியைப் பார்த்து வெளியேற்றுகிறான் என்பதைக்கூட அறியாதவன் எவ்வாறு எதிர்த்து வாதாடுவான்?

1950-களில் வேறொரு புயல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கிய கூட்டத்தார் அவற்றைத் துண்டு துண்டாக்கிக் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டம் துண்டானவுடன் வேலை போயிற்று. வேலையோடு லயமும் போயிற்று. அந்நாளில் அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும், தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டதும் நாம் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க நிகழ்ச்சிகள். பால் வெட்டியவனே பங்குதாரனானான். ஆனால் கூட்டுறவு என்றாலே ஆண்டுக்கூட்டத்தில் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி யாது? “இவ்வாண்டு ஈவு எத்தனை விழுக்காடு?” இரண்டாவது கேள்வி, “மதியச் சாப்பாடு எங்கே?” எத்தனை ஏக்கர் வயது முதிர்ந்த மரம், மறுநடவு நிதியில் என்ன இருக்கிறது, ஒரு டன் குலைக்குச் செலவு எவ்வளவு என்று கேட்க எழுந்தவரைப் பக்கத்திலிருப்பவர் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

நிற்க. ஐந்து ஏக்கர்க்காரரின் கணக்குக்கு வருவோம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் இட்டவை. அவரவர் தம் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்க. ஏக்கருக்கு 55 மரம் வீதம் 275 மரம். ஏக்கருக்கு ஆண்டில் ஏழு டன் குலை. ஆக 35 டன். டன் 600 வெள்ளி எனில் வரவு 21,000. மரத்துக்கு எட்டுக் கிலோ உரம், கிலோ இரண்டு வெள்ளி. இதில் 4,400 போயிற்று. அறுப்புக்கூலியும் லாரியும் டன்னுக்கு 100 வெள்ளி வீதம் 3,500. புல் அடிக்கவும் மட்டை கழிக்கவும் 1,500. நிலவரி, கத்தி, வண்டி, சில்லறை 400. ஆகச் செலவு 9,800. எஞ்சியது 11,200.

“சரி, அதுவாவது இலாபமல்லவா?” என்பீர்கள். பொறுங்கள். குடும்பத்தார் ஆண்டில் அறுபது நாள் அந்நிலத்தில் குனிந்து நிமிர்ந்தார்களே, அவர்கள் அயலான் தோட்டத்துக்குப் போயிருந்தால் நாளுக்கு 70 வெள்ளி கிடைத்திருக்குமன்றோ? அஃது 4,200. அது கூலி, நிலம் ஈந்த இலாபமன்று. எஞ்சியது 7,000. இனி, செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டு அளவில் காய்க்கத் தொடங்கி, இருபத்தைந்து ஆண்டளவில் அண்ணாந்து பார்த்தாலும் குலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அன்று மரத்தைச் சாய்த்து மீண்டும் நடவேண்டும். ஏக்கருக்கு 5,000 என்று கொண்டால் 25,000. காய்ப்பில்லாத மூன்று ஆண்டுக்கும் வீட்டில் உலை வைக்கவேண்டும். அதற்கு ஆண்டுக்கு 7,000 வீதம் 21,000. ஆக 46,000-ஐக் காய்க்கும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 2,090-க்குக் குறையாது. அதையும் ஒதுக்கியபின் நிற்பது ஏறத்தாழ 4,900 வெள்ளி. இருபத்தோராயிரம் எங்கே, இந்நாலாயிரத்துச் சொச்சம் எங்கே!

டன் விலை 600-லிருந்து 400-க்கு இறங்கட்டும். வரவு 14,000, செலவு அதே 9,800, எஞ்சியது 4,200. அஃதாவது குடும்பத்தின் கூலி மட்டுமே. நிலம் ஒரு காசும் தரவில்லை, மறுநடவுக்கு ஒன்றுமில்லை. விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் வருமானமும் மூன்றில் ஒரு பங்குதானே இறங்கும் என்று எண்ணியிருந்தவர் இங்கேதான் கவிழ்கிறார்.

கவிழும்போது அவர் முதலில் வெட்டுவது உரத்தை. இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சூழ்ச்சி செய்வது மரமே. செம்பனையில் இன்று அறுக்கும் குலை ஆணாவதா பெண்ணாவதா என்பது ஏறத்தாழ இரண்டாண்டுக்கு முன்பே மரத்தின் குருத்துக்குள் முடிவாகிவிடுகிறது. ஆகவே இவ்வாண்டு உரத்தை நிறுத்தினால் இவ்வாண்டு காய்ப்புப் பெரிதாகக் குறைவதில்லை. “பார்த்தீர்களா, உரமெல்லாம் கடைக்காரன் பிழைப்பு” என்று நம்மவர் காப்பிக்கடையில் அமர்ந்து வெற்றி முழக்கமிடுவார். தண்டனை பின்னர் வருகிறது. அது வரும்போது அவர் குற்றத்தை மறந்திருப்பார்; மழையையோ கிரகத்தையோ பழிப்பார். ரப்பரிலும் இதே கதைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவவேண்டிய மரத்தை நாள்தோறும் சீவினால் முதலில் பால் மிகும். பிறகு பட்டை வறண்டுபோம். பட்டை முதல், பால் அதன் வட்டி. முதலை விற்று உண்பவன் தன்னை இலாபக்காரன் என்று சொல்லிக்கொள்வதை எந்தப் பேரேடு ஏற்கும்?

கிரகம் என்றோம். நடவுக்கு நாள் பார்க்கச் சோதிடரிடம் நூறு வெள்ளி தட்சிணை வைத்தவர், கன்று எந்த நாற்றங்காலிலிருந்து வருகிறது என்று கேட்கமாட்டார். அங்கீகாரம் பெற்ற கன்று விலையதிகம் என்று, பழைய மரத்தடியில் தானாய் முளைத்தவற்றைப் பிடுங்கி நடுவார். நாம் நடும் மெல்லோட்டு இனம், தடித்த ஓட்டு இனமும் ஓடில்லா இனமும் கலந்து பிறந்தது. அக்கலப்பினத்தின் காயிலிருந்து தானாய் முளைப்பவற்றில் நான்கில் ஒரு பங்கு தடித்த ஓட்டுக்கே திரும்பிவிடும். அதில் எண்ணெய் குறைவு. இன்னொரு நான்கில் ஒரு பங்கு ஓடற்றதாய்ப் பிறந்து பெரும்பாலும் மலடாய் நிற்கும். 275 மரத்தில் எழுபதை அண்டி மலடு! இதை அவர் காண மூன்றாண்டு ஆகும். சுமக்க இருபத்தைந்தாண்டு ஆகும். கன்றுக்கு மிச்சம் பிடித்தது சில நூறு வெள்ளி. நல்ல நேரத்தில் நட்ட தவறு நல்லதாகிவிடுமா? இதைச் சோதிடர் சொல்லார். சொன்னால் அவர் பிழைப்பு என்னாவது?

விலை ஏறிய ஆண்டில் நம்மவர் செய்வது வேறு. மகள் சடங்குக்கு மண்டபம், திருவிழாவுக்கு உபயம், கழுத்துக்குச் சங்கிலி. நகை சேமிப்பு என்பார்கள். விலை இறங்கிய ஆண்டில் அச்சேமிப்பு அடகுக்கடை இரும்புப் பெட்டியில் ஏறி, மாதா மாதம் வட்டி கேட்கிறது. அந்தச் சங்கிலியின் விலைக்கு உரம் வாங்கிக் கொட்டகையில் அடுக்கியிருந்தால் இறங்கிய ஆண்டிலும் மரம் பட்டினி கிடந்திராது. இதைச் சொன்னால் நம்மை நாத்திகர் என்பார்கள். உர மூட்டைக்கும் ஆத்திகத்துக்கும் என்ன பகை என்பது நமக்கு விளங்கவில்லை.

மாடு வைத்திருப்போரைப் பற்றியும் ஒரு சொல். கறக்கும் மாதங்களின் பாற்காசை விரல்விட்டு எண்ணுபவர், வற்றிய மாதங்களின் தீவனத்தை எண்ணுவதில்லை. தோட்டத்துப் புல் இலவசமாய்க் கிடைத்த காலத்தில் அக்குறை மறைந்திருந்தது. தோட்டம் வீடமைப்பு நிலமானபின் மாட்டுக்குப் புல் விலைக்கு வருகிறது. ஆனால் மனக்கணக்கு இன்னும் பழைய புல்லையே மேய்ந்துகொண்டிருக்கிறது.

கணக்கில் ஏறாத இன்னொன்று பெண்ணின் உழைப்பு. ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்குப் பெண்டிர் கையாலேயே மகரந்தம் தூவினார்கள். 1981-இல் கெமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அவ்வேலை தீர்ந்தது. அதுவரை கொடுத்துவந்த கூலி மிச்சம் என்று தோட்டங்கள் கணக்கிட்டுக் களித்தன. கம்பெனிக்காரனாவது அவளுக்குக் கூலி என்று ஒரு பத்தி வைத்திருந்தான். சொந்த நிலத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் மனைவிக்கு நம்மவர் கணக்கில் ஒரு வரியும் இல்லை. நிலப்பட்டாவில் பெயரும் இல்லை. குலையைக் காட்டிலும் உதிரிப்பழத்திலேதான் எண்ணெய் மிகுதி என்பதை ஆலைக்காரன் அறிவான். அவள் கணவன் அறியான்.

தகப்பன் இறந்தபின் நடப்பதோ இன்னும் கேடு. மூன்று மகன்கள் ஐந்து ஏக்கரை மூன்றாகக் கிழிக்க வழக்கறிஞரிடம் ஓடுகிறார்கள். ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறைந்த துண்டாக விவசாய நிலத்தைப் பிரிக்க நிலச்சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. ஐந்து ஏக்கரை மூன்றாக்க அது தடையன்று; ஆயினும் நிலம் துண்டாகுமுன்னரே சண்டை துண்டாகிறது. யாரும் உரம் போடுவதில்லை. எல்லாரும் குலை அறுக்கிறார்கள். நிலத்தை ஒன்றாகவே வைத்து, ஒருவர் நடத்தி, அவருக்குக் கூலி கொடுத்து, எஞ்சியதை மகள்கள் உட்பட எல்லாருக்கும் பங்கிடலாமே என்றால், “மகளுக்கா?” என்று வியப்பார்கள். அந்நியன் செய்த கூறுபோடலை எதிர்த்துச் சங்கம் கண்டவர்களின் பேரர்கள் இவர்கள்!

“கணக்கு எழுதினால் விலை ஏறிவிடுமா?” என்று கேட்பார் உண்டு. ஏறாது. விலையை நிறுவும் இடம் நம் கொட்டகையன்று. ஆனால் எந்த விலையில் தன் நிலம் நட்டத்தில் விழும் என்று அறிந்தவன், விலை அங்கே வருமுன்னரே ஆயத்தமாவான். அறியாதவன் வந்தபின் தரகரிடம் கையெழுத்திடுவான். செம்பனைக் குலை அறுப்போரில் பெரும்பாலோர் இன்று அயல்நாட்டினராகிவிட்டனர். தோட்டத்தில் கூலிக்காரனாயிருந்த தமிழனின் காலம் கழிந்துவருகிறது. உடைமையாளனாக நிற்கும் சிலரும் தரகர் தாளில் கையொப்பமிட்டு வெளியேறினால், இம்மண்ணில் நம் பெயரைச் சொல்லத் தென்னமரம் தோட்டம் ஒன்றுதான் மிஞ்சும்போலும். 1917-இல் இந்நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்ட அத்தோட்டத்தின் பெயராவது தமிழாயிருக்கிறதே!

பள்ளிப்பிள்ளையின் நோட்டுப்புத்தகம் ஒன்று போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு; செலவுப் பக்கத்தில் வீட்டார் கூலிக்கு ஒரு பத்தி, மறுநடவுக்கு ஒரு பத்தி. எழுதத் தெரியாதவர் வீட்டில் எழுதத் தெரிந்த மகள் இருப்பாள். ஓராண்டு எழுதிய அன்பர்கள் அதன் படியை நமக்கு அனுப்புவாராக. பெயரும் ஊரும் நீக்கி, நாலைந்து குடும்பங்களின் கணக்கைப் பக்கத்தில் பக்கமாக இவ்விணைப்பிலேயே அச்சிடுவோம். வரவுப் பத்தியை மட்டும் நிரப்பி அனுப்புவோரின் நோட்டு, நம் செலவிலேயே தபாலில் திருப்பி அனுப்பப்படும்.