மஞ்சள் சுவர் மட்டும்தான் பாரம்பரியமா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

விடுமுறை வந்துவிட்டால் நம் குயிலாப்பாளையம் சாலையில் வெளியூர் கார்கள் வரிசை கட்டுகின்றன. வருகிறவர்கள் அப்படியே புதுச்சேரிக்கும் போய், கடற்கரை ஓரத்து மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, 'பிரெஞ்சுப் பாரம்பரியம் பார்த்தாச்சு' என்று திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அது பாதிதான் என்பது என் கருத்து.

மீதிப் பாதி பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில் இருக்கிறது. துய்ப்ளேவிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆட்சியின் உள்விவகாரங்களை அன்றாடம் பதிவு செய்த அந்த எழுத்து தமிழில்தான் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு பெரிய மார்க்கெட் அருகே இன்றும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுப்பவர் எத்தனை பேர்?

பேச்சிலும் அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கு ஊராட்சி ஒன்றியம், அவர்களுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து. பிரெஞ்சுப் படையில் இருந்தவர் 'சொல்தா'. நகர மண்டபம் 'மேரி'. அந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய வடிவத்திலேயே கட்டி எழுப்பினார்கள். கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். தொலைந்த காகிதத்தை யார் திரும்ப எழுதுவது?

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நம் ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம், ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. என்றாலும் உங்களில் பலருக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்த, பெண் எடுத்த உறவு உண்டு. அந்த வீட்டுப் பரண்களில் பிரெஞ்சில் எழுதிய கிரயப் பத்திரம், பிறப்புச் சான்று, சொல்தா தாத்தாவின் பென்ஷன் தாள் இருக்கலாம். புரியாத மொழி என்று பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, அது யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி அதோடு வையுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள்.

சுவருக்கு வண்ணம் பூச அரசு இருக்கிறது. பரணில் உள்ள பெட்டிக்கு நாம்தான் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்