என் யன்னலை மூடுவது யார்?

நீங்களே திறந்து உலாவிக்கொண்டிருக்கிற டேபை ஒரு இணையப் பக்கம் பொதுவாக மூட முடியாது. ‘விண்டோ.க்ளோஸ்’ என்று அதற்குள் எழுதியிருந்தாலும் பிரவுசர் கேட்காது. கோட் திறந்த யன்னலைத்தான் கோட் மூடலாம். எனக்குப் பிடித்த விதி இது.

எக்ஸ்டென்ஷனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. குரோமில் ‘குரோம்.விண்டோஸ்.ரிமூவ்’ என்று ஒரு வரி, யன்னலின் எண், அவ்வளவுதான். உள்ளே இருபது டேப் இருந்தாலும் எல்லாம் போய்விடும். ஒரு டேபின் முகவரியைப் படிக்க எக்ஸ்டென்ஷன் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டும், மூடுவதற்கு வேண்டாம்! தனியுரிமைக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், விளங்குகிறது. ஆனால் பாதி எழுதிய அசைன்மென்டும் என்னுடையதுதானே?

‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்றொரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. பாவிக்காத டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சம்பிடிக்கும். 2020இல் அதை எழுதியவர் வேறு ஆட்களிடம் கைமாற்றினார். 2021 பெப்ரவரியில், தீங்கான கோட் இருக்கிறது என்று கூகுள் அதை எல்லோருடைய பிரவுசரிலும் நிறுத்தியது. தூங்கிக்கொண்டிருந்த டேப்களும் அதோடு போயின. நல்லதென்று நம்பிப் போட்டதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், இப்படியான சின்ன வேலைக்கு நீங்களே எழுதுங்கள். பிளாக்டவுனில் எச்.எஸ்.சி படிக்கிற என் சித்தியின் மகள், “அண்ணா, பத்து மணிக்கு யூடியூப் தானா மூடுற மாதிரி ஒண்டு செய்து தாங்கோ” என்றாள். இரண்டு பேரும் இருந்து எழுதினோம். முழு யன்னலையும் மூடாது, யூடியூப் டேபை மட்டும். ஐந்து நிமிடத்துக்கு முன்பே சொல்லும். மூடியதன் முகவரியைச் சேமித்து வைக்கும். நிறுத்துகிற பட்டன் அவள் கையில். “அப்ப நான் நிறுத்திப்போடுவனே” என்றாள். நிறுத்தட்டும்.

வகுப்பறையில் ஆசிரியர் தன் திரையிலிருந்தே மாணவரின் டேபை மூடுகிற மென்பொருள்களும் இருக்கின்றன. பாட நேரத்தில் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் யார் மூடினார்கள், ஏன் என்று பிள்ளையின் திரையில் வரவேண்டும். வராவிட்டால் லாப்டாப் பழுது என்றுதான் அது நினைக்கும். அம்மா அறைக்குள் வந்து “காணும், படு” என்றால் ஆளாவது தெரியும்; “அஞ்சு நிமிசம் அம்மா” என்று கெஞ்சவும் முடியும்.