மானும் எங்கட ஆக்களின்ர கண்ணீரும்

இலையுதிர்காலம் வந்தால் பீல் நகருக்கு மேலை, யூரா மலைக்காட்டிலை வேட்டைநாய் குலைக்கிற சத்தம் கேக்கும். உடனை எங்கட ஆக்கள் "வெள்ளைக்காரன் இரக்கமில்லாதவன்" எண்டு துவங்கிவிடுவினம். கொஞ்சம் பொறுங்கோ.

இஞ்சை சோதினை பாஸ்பண்ணாமல் வேட்டைக்குத் துவக்குத் தூக்கேலாது. குறி தப்பாமல் சுடுவன் எண்டும் நிரூபிக்கவேணும். யூரா, பேர்ண் வேட்டைநாய்களின்ர வேலை மானைக் கடிக்கிறதில்லை. மணம்பிடிச்சுக் குலைச்சுக் கலைக்கிறது. மான் தன்ர இடத்தைச் சுத்தித் திரும்பி வரும், காத்திருக்கிறவன் சுடுவான். காயத்தோடை ஓடினால் பழக்கின நாயோடை தேடியே ஆகவேணும்.

வன்னியிலை? 1937ஆம் ஆண்டுச் சட்டம் புத்தகத்திலை கிடக்கு. கட்டுத்துவக்குக்கு மானும் ஒண்டுதான், விறகு பொறுக்கப் போற மனிசனும் ஒண்டுதான். அதை "வீரம்" எண்டு கதைக்கிறம்!

1974இலை ஜெனீவா மக்கள் வாக்குப்போட்டு வேட்டையை நிப்பாட்டினவை. அங்கையும் காட்டுப்பன்றியை அரச காவலர் சுடுகினம். ஆகவே கேள்வி, கொல்லுறதோ இல்லையோ எண்டதில்லை. கொல்லுறவன் ஆருக்குப் பதில் சொல்லவேணும் எண்டதுதான்.

பெட்டி பெட்டியா உறைஞ்ச கோழி வாங்கிறவை மானுக்கு அழாதேங்கோ. உண்மையிலை இரக்கமிருந்தால், காட்டுக்குப் போகேக்கை உங்கட நாயைக் கட்டிப் பிடியுங்கோ. அவிட்டுவிட்ட வீட்டுநாய் சினைமானைக் கடிச்சுக் குதறினால், அதுக்கு நாயின்ர சொந்தக்காரன்தான் பதில் சொல்லவேணும்.