வலையின் கண்ணும் அரசின் கண்ணும்

குளத்தில் மீன் அருகிவிட்டது என்ற குரல் எழும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்றப்படுபவன் மீனவனே. அவனது பேராசையே மீனினத்தை அழிக்கின்றது என்பர். இக்கூற்றுப் பாதி உண்மை. ஆதலினாலேயே முழுப் பொய்யினுங் கேடுடையது.

பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், சுது கங்கையிற் கலந்து மாத்தளை மண்ணைக் கடந்து, அம்பன் கங்கை வழியே போவத்தன்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. இத்தகைய நீர்த்தேக்கங்களிலும் வறண்ட வலயக் குளங்களிலும் மீன்பிடி ஒரு தொழிலாக வளர்ந்தது, 1952ஆம் ஆண்டு திலாப்பியா இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட பின்னரேயாம். கடலுக்குத் தொலைவில் வாழும் ஏழைக்கு மலிவான புரதம் அளித்தது அம்மீனே. ஆழமற்ற கரையோர நீரிற் குழி பறித்து முட்டையிட்டு, தாய் தன் வாயினுள்ளே குஞ்சுகளைக் காக்கும் இனம் அது. இளமீன் முதிர்ந்து இனம்பெருக்க அவகாசம் அளிப்பின் குளம் வறிதாகாது. செவுள்வலையின் கண் 8.5 சென்ரிமீற்றரிற் குறையலாகாது என்ற விதியின் பொருளும் இதுவே.

1990ஆம் ஆண்டு நிகழ்ந்தது யாது? உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமய எதிர்ப்பை அடுத்து, உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. குஞ்சு வளர்ப்பு நிலையங்கள் கைவிடப்பட்டன, கண்காணிப்பு அற்றது, சிறுகண் வலைகள் பெருகின. 1989இல் ஏறத்தாழ 39,000 தொன்னாயிருந்த உற்பத்தி, 1994இல் 12,000 தொன்னாக வீழ்ந்தது. கொல்லாமை வென்றதா? இல்லை. பசித்தவன் வலையைக் கைவிடவில்லை, கண்ணைச் சுருக்கினான். பெருமீனுக்குப் பதிலாகக் குஞ்சே கொலையுண்டது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற அலுவிகாரை இம்மாவட்டத்திலேயே உள்ளது. அவ்வறநூல் போதிக்கும் கருணை, விளைவை நோக்காத கருணையன்று. காவலின்றிக் கைவிடுதல் அருளாகாது.

1994இல் அரச ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசிய நீருயிரினவளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் தோன்றியது. குளங்களிற் குஞ்சு விடுதல் இன்று விழாவாகவே நடைபெறுகின்றது. தேங்கிய நீரில் இனம்பெருக்காத கட்லா, ரோகு முதலியவற்றிற்கு அது வேண்டியதே. எனினும், விட்ட குஞ்சை மறுமாதமே சிறுகண் வலை வாருமாயின் அவ்விழாவாற் பயன் யாது? மீனவர் சங்கத்திற்குத் தன் குளத்தின் வலைகளைக் கட்டுப்படுத்தும் மெய்யான அதிகாரம் வேண்டும். மீன் குறைந்த பருவத்தில் அக்குடும்பங்களுக்கு உதவியும் வேண்டும். இவ்விரண்டையும் மறுத்துவிட்டு மீனவனைப் பேராசைக்காரன் எனப் பழித்தல் நீதியன்று. வலையின் கண் சுருங்குமுன் சுருங்கியது அரசின் கண்ணே.